கிரகணத்தன்று மூட மறந்த நிலவுப் படம்

என் தங்கை சரோஜா மேலுதடு பிளந்து பிறந்ததற்கு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய நிலவுப் படமே காரணம் என்று எங்கள் குடும்பம் நம்பியது. அந்த நம்பிக்கை பன்னிரண்டு நாட்கள்தான் நீடித்தது. பிறகு வேறொன்றை நம்பத் தொடங்கினோம். இரண்டாவது நம்பிக்கைக்கு ஆயுள் அதிகம். அது ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் வாழ்ந்தது.

அவள் பிறந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பாரிவாக்கத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்து அத்தையின் கையில் கொடுத்தாள். அத்தை அதை வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் கொண்டுபோனாள். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள்.

"கிரகணம் புடிச்சிகீது" என்றாள், மிக மெல்ல.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு சந்திர கிரகணம் வந்திருந்தது. அம்மாவை அப்போது இதே அறையில்தான் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அத்தையின் பார்வை குழந்தையிலிருந்து எழுந்து எதிர்ச் சுவருக்குப் போனது. அங்கே ஆள் உயரத்துக்கு நிலவுப் படம் தொங்கிக்கொண்டிருந்தது.

"சன்னல அடச்சேன், கதவ அடச்சேன், ஓட்டுல இருந்த ஓட்டைக்குக்கூட துணி வெச்சேன். நிலாவ உள்ளயே மாட்டி வெச்சிகினு இருந்திருக்கேனே" என்றாள் அத்தை.

பாயில் கிடந்த அம்மா அதைக் கேட்டாள். தன் வலக்கை ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஏன் விரலைப் பார்க்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

ஏலத்தில் வந்தது

அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது தலைமுறை தலைமுறையாக ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பம். அதில் முதன்முதலாகப் படித்துப் பூந்தமல்லிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியர் வேலைக்குப் போனவர் என் தந்தை. நாங்கள் அவரை நைனா என்றுதான் அழைத்தோம். எழுதும்போதும் எனக்கு அந்தச் சொல்தான் வருகிறது.

பூந்தமல்லியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகச் சிறு பள்ளி ஒன்று நடந்துவந்தது. அதை மூடியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். மேசைகளுக்கும் மணிக்கும் போட்டி இருந்ததாம். மூலையில் சாய்த்து வைத்திருந்த நீளச் சுருளை மட்டும் யாரும் கேட்கவில்லை. நைனா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியே நடந்து வந்தார். வழியில் பார்த்தவர்கள் புதுப் பாய் வாங்கி வருகிறார் என்று நினைத்தார்கள்.

பிரித்தபோது பழந்துணியும் கற்பூரமும் கலந்த வாசனை வந்தது. காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மடிப்பதற்குத் தோதாக இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டியிருந்தார்கள். மேலும் கீழும் கறுப்பு மெருகிட்ட கோல்கள். நடுவே, சாம்பலும் காவியுமான ஒரு பெரிய வட்டம். வட்டம் முழுவதும் குழிகள். அம்மை வார்த்து இறங்கிய முகம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட முகங்கள் எங்கள் தெருவில் பல இருந்ததால் எனக்கு அச்சம் தோன்றவில்லை.

கூடத்துச் சுவரில் கறையான், சமையலறையில் புகை. ஈரம் ஏறாத சுவர் உள்ளறையில்தான் இருந்தது. நைனா அங்கே ஆணி அடித்தார்.

தலைகீழான முயல்

ஊரார் வந்து பார்த்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, முயல் எங்கே என்று கேட்டார். நைனா காட்டினார். அது தலைகீழாக இருந்தது. தொலைநோக்கியில் நிலவு தலைகீழாகத்தான் தெரியும், அதை அப்படியே வரைந்திருக்கிறார்கள் என்று விளக்கினார்.

"அவ்ளோ துட்டு போட்டு கண்ணாடி வாங்கி, தலகீழாவா பாக்கறான்? நமக்கு சும்மாவே நேரா தெரியுதே வாத்தியாரே" என்றார் அவர்.

நைனா பெருமூச்சு விட்டுப் படத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார். முயல் நிமிர்ந்தது, எழுத்தெல்லாம் கவிழ்ந்தது. இரண்டு நாள் அப்படியே தொங்கியது. மூன்றாம் நாள் அம்மா அதை மறுபடி பழையபடியே மாட்டச் சொன்னாள். அவளுக்கு அதற்கொரு காரணம் இருந்தது.

ஆங்கிலப் பெயர்களுக்குக் கீழே நைனா பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார். மழைக்கடல், அமுதக்கடல், குளிர்க்கடல், அமைதிக்கடல், கனவுகளின் ஏரி. எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்த அம்மா, வேலை ஓய்ந்த நேரங்களில் படத்தின் முன்னே நின்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிப்பாள். அந்தக் கடல்களில் தண்ணீர் உண்டா என்று ஒருநாள் கேட்டாள். ஒரு சொட்டுக்கூட இல்லை என்றார் நைனா.

"தண்ணியே இல்லாத ஏரிக்கு இம்மாம் நல்ல பேரா? நம்ம ஏரில தண்ணி கீது, பேருதான் இல்ல" என்றாள் அம்மா.

எங்கள் ஏரியை நாங்கள் ஏரி என்றே அழைத்தோம். இன்னொன்று இருந்தால்தானே பெயர் வேண்டும். நைனா அதற்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், மனிதர்கள் நிலவில் அமைதிக்கடல் என்ற இடத்தில் இறங்கியதாக வானொலியில் சொன்னபோது, அம்மா அடுப்படியிலிருந்தே, "இடது பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் கீழ" என்றாள். எங்கள் படத்தில் அது அங்கேதான் இருந்தது.

அடைத்த அறை

இனி கிரகண மாலைக்கு வருகிறேன்.

அத்தையின் பெயர் பச்சையம்மா. நைனாவுக்கு அக்கா. இள வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். ஊரில் எந்தப் பெண் கருவுற்றிருந்தாலும் கிரகண நாளில் அத்தைக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்தப் பக்கம் தலை வைக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி எதையும் வெட்டக்கூடாது, கீறக்கூடாது, நகத்தால்கூடக் கோடு போடக்கூடாது. போட்டால் அது பிள்ளையின் உடம்பில் விழும் என்பது அவளது சட்டம்.

அன்று நிலவு எழும்போதே பிடித்திருந்தது. நைனா பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு வேடிக்கை காட்ட ஏரிக்கரைக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு ஐந்தாம் மாதம். அத்தை அவளை உள்ளறையில் விட்டு, சன்னலை அடைத்து, சிறு விளக்கு ஒன்றை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். பானைகளில் தர்ப்பை போட்டாள். அரிவாள்மணையைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள்.

பிறகு சமையலறையில், பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே உலக்கையை நிமிர்த்தினாள். கிரகணம் உள்ளவரை உலக்கை நிற்கும், விட்டதும் விழும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தரை சமமாக இருந்தால் அது எந்த நாளிலும் நிற்கும் என்பார் நைனா. அத்தையும் நானும் அதன் எதிரே அமர்ந்தோம். அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. கைகள் இரண்டும் மடியில் மலர்ந்து கிடந்தன. உலக்கை சரியும்வரை அவை மடியை விட்டு எழவே இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். பார்ப்பதற்கு அந்தச் சமையலறையில் எனக்கு உலக்கையையும் அவள் கைகளையும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

கதவைத் திறந்தபோது அம்மா மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தாள். எல்லாப் பெயர்களையும் தட்டுத்தடுமாறாமல் படித்துவிட்டேன் என்றாள். ஊருக்கே காவல் சொன்ன அத்தைக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. தலைமுழுகினோம், சமைத்தோம், சாப்பிட்டோம்.

"நான்தான் தொட்டேன்"

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அம்மா நைனாவிடம் விரலின் கதையைச் சொன்னாள். அறையில் தனியே இருந்த நேரத்தில் படத்தின் உச்சியிலிருந்து கீழே குளிர்க்கடல்வரை, நடு மடிப்பின் வழியே நகத்தை ஓட்டிக்கொண்டே பெயர்களைப் படித்திருக்கிறாள். நிலவின் முகத்தில் நேர்க்கோடாக ஒரு கீறல். குழந்தையின் முகத்திலும் அப்படியே ஒரு கீறல்.

பூந்தமல்லியிலிருந்து வந்த டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு நம்பிக்கையாகத்தான் பேசினார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்துவிடுவார்கள். ஆனால் மூன்று நான்கு மாதமாவது ஆக வேண்டும், எடை ஏற வேண்டும். அதுவரை தாய்ப்பாலைக் கறந்து பாலாடைக் கிண்ணத்தால் புகட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தை பிழைப்பது பாலில் இருந்தது. பால் அம்மா சாப்பிடுவதில் இருந்தது. அம்மாவோ சாப்பிடவில்லை. கட்டாயப்படுத்தினால் ஒரு வாய் விழுங்குவாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்தாம் நாள் பாலாடை பாதிகூட நிரம்பவில்லை. பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அழுகை நாளுக்கு நாள் மெலிந்து, கடைசியில் பூனைக்குட்டியின் குரல் போலாயிற்று.

நைனா பகலிலேயே சன்னலை மூடி, விளக்கேற்றி, இரண்டு எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கிரகணத்தை விளக்கினார். ஒன்றின் நிழல் மற்றதன்மேல் விழுகிறது, அவ்வளவுதான், நிழல் யாரையும் தொடுவதில்லை என்றார். அவர் சொன்ன அத்தனையும் உண்மை. அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நெழல் தொடல. நான்தான் தொட்டேன்" என்றாள்.

கருவில் உதடு கூடுவது இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடும் என்று பின்னாளில் ஒரு மருத்துவ நூலில் படித்தேன். ஐந்தாம் மாதத்து விரல் எதையும் பிளந்திருக்க முடியாது. அன்று இது நைனாவுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தாலும் அம்மா சாப்பிட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாட்சி

பன்னிரண்டாம் நாள் விடியலில் அத்தை திருவேற்காட்டுக்கு நடந்து போய் அம்மனைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. உச்சிவேளையில் குழையச் சமைத்த சோற்றையும் பூண்டுக் குழம்பையும் வட்டிலில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். குழந்தையின் அருகில் உட்கார்ந்திருந்த என்னை எழ வேண்டாம் என்று கையால் அமர்த்தினாள்.

"பாக்கியம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மா திரும்பவில்லை.

"கெரணத்தன்னிக்கு நான் கத்திரிக்கா அரிஞ்சேன்."

அம்மா மெல்லத் திரும்பினாள்.

"தம்பி பசங்கள இட்டுகினு ஏரிக்கரைக்குப் போயிருந்தான். பசியோட வருவானே, உட்டதும் ஒல வெக்கலாம்னு அரிவாமணைய எறக்கினேன். காம்போட நிமித்தி வெச்சி ரெண்டா பொளந்தேன். அப்பாலதான் புத்தி வந்திச்சி. பயந்துகினு வாயத் தொறக்கல."

"நீங்கதான அண்ணி அத துணி சுத்தி பரண்ல வெச்சீங்க."

"வெச்சேன். எறக்கவும் எறக்கினேன். இது எம்பக்கத்துலயே குந்திகினு இருந்திச்சி. கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்ததை அன்று எனக்குச் சொல்லத் தெரியாது, இன்று தெரிகிறது. தண்டனைக்குக் காத்திருப்பவள் வேறொருவர் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்ட பார்வை அது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் என்னை மிரட்டவில்லை, கண்ணாலும் கெஞ்சவில்லை. குழந்தையின் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமா, கண்ணு?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா" என்றேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"ஊருக்கெல்லாம் நாயம் சொல்றீங்களே அண்ணி. என்ன இப்டி குத்துயிரா போட்டுட்டு, பன்னண்டு நாளா உங்களுக்கு எப்டி சோறு எறங்கிச்சி?"

"எறங்கலதான்" என்றாள் அத்தை. வட்டிலை முன்னே தள்ளினாள். "நீ துன்னு."

அம்மா சாப்பிட்டாள். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் ஒவ்வொரு பிடியாக எடுத்து முழு வட்டிலையும் சாப்பிட்டாள். அதிலிருந்து மூன்றாம் நாள் பாலாடை நிரம்பியது.

அதன் விலை

அம்மா யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மருத்துவச்சி வந்து போகும் வீட்டில் எதுவும் நான்கு சுவருக்குள் நிற்காது. அடுத்த கிரகணத்துக்கு அத்தையைத் தேடி யாரும் வரவில்லை. அவள் வழக்கம்போல் உலக்கையை நிமிர்த்திவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். சாஸ்திரம் பொய், மீறினேன் என்று சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைத்து அவள் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் நம்பிக்கொண்டே, அம்மனுக்குத் தெரிந்தே, அந்தப் பாவத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள். நைனாவின் எலுமிச்சம்பழங்களை விட அது கனமானது.

பள்ளிக்குப் போகும் வழியில் நைனாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வரப்பில் நின்றுவிட்டார். இதை இனி யாரிடமும் சொல்லாதே என்றார். அதற்கடுத்த கிரகணத்தன்று, யாரும் கேட்காமலே, தன் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து நிலவுப் படத்தின்மேல் போர்த்தினார். இருந்தவரை ஒரு கிரகணத்துக்கும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

குழந்தையின் நான்காம் மாதம் வண்டி கட்டி ஆவடிக்குப் போய், ரயிலேறிப் பட்டணம் போனார்கள். அத்தை மூட்டையைக் கட்டிக் கொடுத்தாள்; அம்மா அவளை உடன் வரச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது சரோஜாவின் உதட்டில் கறுத்த நூல்போல ஒரு கோடுதான் இருந்தது. அத்தை வாசலுக்கு வராமல் நடையிலேயே நின்றாள்.

"பால் குடிக்குதா?" என்றாள்.

"குடிக்குது" என்றாள் அம்மா. பன்னிரண்டாம் நாளுக்குப் பின் அம்மா அவளிடம் பேசிய முதல் சொல் அது.

சரோஜா அந்தப் படத்தில்தான் எழுத்துப் படித்தாள். ஆனால் அக்கம்பக்கத்தில் காதில் விழுந்த கதையையும் சேர்த்தே வளர்ந்தாள். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு தலைவார வந்தாள். "என் ஒதட்ட அரிஞ்ச கையால என் தலயத் தொடாத" என்றாள் சரோஜா. நான் வாயைத் திறக்கப் போனேன். அத்தை என் கையைப் பற்றிக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"சொன்னியானா, உங்கம்மா திரும்பவும் அந்த வெரலப் பாப்பா. இவளுக்கு இன்னா, கோவந்தான? கோவத்தோடவே நல்லா துன்றா" என்றாள்.

நைனா காலமான பிறகு படம் அவர் வேலை பார்த்த பள்ளிக்குப் போயிற்று. அத்தை கடைசி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தாள். அம்மாதான் ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "போனது போவட்டும் அண்ணி, நான் எதையும் மனசுல வெச்சிக்கல" என்றாள். செய்யாத குற்றத்துக்கான அந்த மன்னிப்பை அத்தை தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். அறையில் நானும் இருந்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அம்மா தொண்ணூறை நெருங்கிப் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு நான் வாய்மூடி இருந்ததற்கு அத்தையின் சொல் காரணமல்ல, என் கோழைத்தனம்தான். தங்கை என்னையும் அல்லவா கேட்பாள், இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று.

நான் எழுதிவரும் நினைவுகளின் இந்த அத்தியாயத்தைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கிணற்றடிப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

"நான் பொறந்தப்போ அத்தைக்கு என்னக்கா வயசு இருக்கும்?" என்றாள்.

நாற்பது இருக்கலாம் என்றேன்.

"என் பொண்ணு வயசு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். மறுநாள் விடிந்ததும் குளித்து, யாரையும் துணைக்கு அழைக்காமல், திருவேற்காட்டுக்குப் பஸ் ஏறினாள். அங்கே என்ன வேண்டிக்கொண்டாள் என்று நானும் கேட்கவில்லை.

நைனா, அத்தை, அம்மா மூவரும் இப்போது இல்லை. அம்பத்தூர் வீட்டில் சரோஜாவும் நானும் இருக்கிறோம்.